அலைவரிசையின் முதல் சனிக்கிழமை

மின்னஞ்சலில் மூன்றே வரிதான் இருந்தது. ஜேர்மனியின் றூர் பகுதியில் உள்ள ஐந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகிற விளையாட்டு லீக்குக்குச் சொந்தமாக ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கப்போகிறோம். வேலை செய்ய விருப்பமுள்ள மாணவர்கள் புதன்கிழமை மூன்று மணிக்கு டோர்ட்மண்ட் விளையாட்டு மண்டபத்துக்கு வரவும். முன் அனுபவம் தேவையில்லை. நான் இரண்டரைக்கே போய் வாசலில் நின்றேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஊடகத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு இரண்டு வருடம் முன்புவரை அதே மண்டபத்தில் எங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் ஹாண்ட்பால் அணியில் இடது ஓரத்தில் விளையாடியவள். ஒரு ஆட்டத்தில் பாய்ந்து இறங்கும்போது வலது முழங்கால் சவ்வு அறுந்துபோனது. சத்திரசிகிச்சை முடிந்து, ஒன்பது மாதம் பயிற்சி செய்து, கடைசியில் மருத்துவர் சொன்னது இதுதான்: நடக்கலாம், ஓடலாம், ஹாண்ட்பால் மட்டும் வேண்டாம்.

விழுந்ததைவிட மோசமானது அதற்குப் பிறகு நடந்தது. பார்வையாளர்களில் யாரோ போனில் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் காலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து கத்துகிற பதினாறு விநாடி. அதை இணையத்தில் போட்டார்கள். என் மச்சாள் ஒருத்தி அதைக் கண்டு, பதறிப்போய், எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். என் போன் உடுப்பு மாற்றுகிற அறையில் பூட்டிக் கிடந்தது. நான் அம்புலன்ஸில் ஏறுவதற்கு முன்பே கனடாவிலிருந்து சித்தி அம்மாவுக்குப் போன் எடுத்து, "அக்கா, பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டிருக்கிறார். அம்மா முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவர். வெள்ளை ஏப்ரனோடு நின்று அந்தப் பதினாறு விநாடியையும் பார்த்தாராம். எனக்கு உயிர் இருக்கிறதா, எங்கே கொண்டுபோகிறார்கள் என்று தெரிய அவருக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது.

ஆகவே அந்தப் புதன்கிழமை எனக்கு எந்த வேலை வேண்டும் என்பதில் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை. நான்கு கமராக்களில் எதன் படம் வெளியே போக வேண்டும் என்று ஒவ்வொரு விநாடியும் முடிவெடுக்கிற கதிரை ஒன்று இருக்கிறது. ஜேர்மன்காரர் அதை ரெஜி என்பார்கள். அதில்தான் நான் இருக்க வேண்டும்.

அலைவரிசையின் பொறுப்பாளர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். முன்பு படகோட்ட வீராங்கனை. கட்டையாக வெட்டிய நரைமுடி, எந்நேரமும் கழுத்தில் ஒரு விசில். அமெரிக்காவில் கல்லூரி ஆட்டங்களைப் பார்க்க ஊரே திரள்கிறது, அவர்களுக்குத் தனித் தொலைக்காட்சிகளே இருக்கின்றன, எங்கள் ஆட்டங்களுக்கோ விளையாடுகிறவர்களின் நண்பர்கள்கூட வருவதில்லை என்று அவர் தொடங்கினார். இணையத்தில் நேரடி ஒளிபரப்பு, அதோடு சனிக்கிழமைகளில் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் இடம். முதல் ஒளிபரப்பு இன்னும் பதினொரு கிழமையில், மூன்று மாதம்கூட இல்லை. ஆட்டம், பெண்கள் ஹாண்ட்பால்.

"இதை யார் பார்ப்பார்கள்?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான்.

"அதைத் தெரிந்துகொள்ளத்தான் தொடங்குகிறோம்," என்றார் அவர், சிரிக்காமல்.

கூட்டம் முடிந்ததும் நேரே அவரிடம் போய், முன்பு எந்த அணியில் விளையாடினேன் என்று சொன்னேன்.

"உனக்கு மூன்றாவது கமரா தரலாம்," என்றார். "விளையாடியவள். ஆட்டம் எங்கே போகும் என்று உனக்குத் தெரியும்."

"எனக்கு ரெஜி வேண்டும்."

"அதைக் கேட்டு வேறொருவர் எழுதியிருக்கிறார். வானொலியில் அனுபவம் உள்ளவர்."

"அப்படியென்றால் எங்கள் இருவருக்கும் ஒரு பரீட்சை வையுங்கள்."

வைத்தார். வொலிபோல் பயிற்சி ஆட்டமொன்றில் ஆளுக்கு இருபது நிமிடம். நான் படுமோசமாகத் தோற்றேன். பந்து தொடுகிற ஒவ்வொரு கைக்கும் ஒரு படம் மாற்றினேன். பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது எனக்கே தலை சுற்றியது. பொறுப்பாளர் முகத்துக்கு நேரே சொன்னார்: "நீ இன்னும் மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறாய். பார்க்கிறவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்."

அவர் சொன்னது சரி. வானொலிக்காரனுக்கும் அன்றைக்கு நன்றாக வரவில்லை என்பதால், மூன்று கிழமையில் இன்னொரு தரம் வையுங்கள் என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டுச் சம்மதித்தார்.

அந்த மூன்று கிழமையும் எங்கள் வீட்டில் ரீவிக்குச் சத்தம் கிடையாது. ஏதாவது ஒரு ஆட்டத்தைப் போட்டுச் சத்தத்தை அணைத்துவிட்டு, அடுத்து எந்தப் படம் வர வேண்டும் என்று நானே உரக்கச் சொல்லுவேன். ஒரு படத்தை இரண்டு மூச்சு விடும்வரையாவது மாற்றக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டளை போட்டிருந்தேன்.

வேலையால் வந்த அம்மா ஜக்கெற்றைக் கழற்றாமலே கதவடியில் நின்றார். "ஆரோட கதைக்கிறாய்?"

"ஒருத்தரோடையும் இல்லை அம்மா. பழகிறன்."

"என்னத்தை?"

"ரீவியில எந்தப் படம் போகோணும் எண்டு சொல்லுற வேலை."

"அதுதான் அவங்கள் ஏற்கெனவே போட்டுட்டாங்களே. பேந்து நீ என்னத்துக்குச் சொல்லுறாய்?"

விளங்கப்படுத்தினேன். எந்த மண்டபம் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அங்கையோ திரும்பப் போறாய்?"

"ஓம்."

"வேற இடம் ஒண்டும் கிடைக்கேல்லையோ உனக்கு?"

"நான் விளையாடப் போகேல்லை அம்மா. ஒரு அறைக்குள்ள கதிரையில இருக்கப்போறன்."

 அம்மா போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள் இல்லை. இப்போதைக்கு விடுகிறேன் என்று பொருள்.

இரண்டாவது பரீட்சையில் ரெஜி எனக்குக் கிடைத்தது. வானொலிக்காரனை வர்ணனையாளன் ஆக்கினார்கள். அவனுக்கு அதுதான் பொருத்தம், நல்ல குரல். அவனுக்கு என்னில் கோபமும் இருக்கவில்லை.

ஸ்டூடியோ என்று எங்களுக்குத் தந்தது, உடற்பயிற்சி மெத்தைகள் அடுக்கி வைக்கிற ஒரு களஞ்சிய அறை. யன்னல் இல்லை. காலங்காலமாக வியர்வை ஊறிய றப்பர் மணம். அங்கேதான் பிறகு நான் அக்கா என்று கூப்பிட்ட ஒருவரைச் சந்தித்தேன். மதுரையிலிருந்து வந்தவர், கணினி வலையமைப்பில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நான்கு கமராக்களின் படமும் சத்தமும் அறுந்துபோகாமல் இணையத்துக்கும் கேபிளுக்கும் போய்ச் சேர்வது அவர் பொறுப்பு.

"ஸ்டூடியோன்னு சொன்னாங்க, நான் கூட ஏசி இருக்கும்னு நெனச்சேன்," என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். பிறகு சட்டைக் கைகளை மடித்துவிட்டு, "சரி வாப்பா, மொதல்ல இந்த மெத்தையெல்லாம் வெளிய தள்ளுவோம்," என்றார்.

நாங்கள் இருவரும் பேசுவது ஒரே மொழிதான் என்றாலும் காதில் மாட்டுகிற கருவியில் அது சரிவரவில்லை. நான் அவசரத்தில் "கெதியா மாத்துங்கோ" என்றால் அவர் "என்னது, எதை?" என்பார். படம் அறுந்தால் அவர் "அந்த ஃபீட் டிராப் ஆயிருச்சு" என்று ஒரே மூச்சில் சொன்னால் எனக்கு இரண்டாம் தரம் கேட்க வேண்டும். ஒளிபரப்பின்போது ஜேர்மன் மட்டும் என்று முடிவெடுத்தோம். அவருடைய ஜேர்மன் மெதுவானது, அதனால் தெளிவானது.

முதல் ஒளிபரப்புக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், மண்டபத்தின் பாதுகாப்பு அலுவலர் வந்தார். மூன்று கிழமைக்கு முன்பே நேரம் குறித்து டெர்மின் எடுத்து, அவருடைய அலுவலகத்தில் வரைபடம் காட்டி, ஒப்புதலும் வாங்கியிருந்தோம். ஆனால் அன்று வந்தவர் வேறு ஆள். கமரா கேபிள்கள் அவசர வாசலுக்குக் குறுக்கே போவதைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார். முடியாது. மேலே றப்பர் மூடி போட்டாலும் முடியாது. சக்கர நாற்காலியில் வருகிறவர் வெளியேறும்போது தடுக்கும். அவர் சொன்னதில் பிழையில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

பொறுப்பாளர் பெருமூச்சு விட்டார். "ஒரு கிழமை தள்ளிப்போடலாம்."

"கேபிள்காரர் அடுத்த இடம் எப்போது தருவார்கள்?" என்று கேட்டேன்.

"நாளைக்குத் தொடங்காவிட்டால் சனிக்கிழமைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு தை மாதம்தான்."

"அப்படியென்றால் தள்ளிப்போட முடியாது. கேபிளை மேலால் கொண்டுபோவோம். மாடிப் பார்வையாளர் இருக்கைகளுக்குப் பின்னால், கம்பியோடு கட்டி."

"மேல வழியா போனா நீளம் பத்தாதுப்பா," என்றார் அக்கா என்னிடம் தமிழில். பிறகு நிமிர்ந்து பார்த்துக் கணக்குப் போட்டார். "இரு. கேமரா நாலை கோலுக்குப் பின்னாடி இருந்து கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினா வரும்."

பாதுகாப்பு அலுவலரை நிறுத்தி வைத்துக் கேட்டோம்: மேலால் போனால் இன்றைக்கே ஒப்பமிடுவீர்களா? ஏழு மணிக்கு வருகிறேன், முடிந்திருந்தால் ஒப்பமிடுகிறேன் என்றார். மதியம் ஒன்றரைக்குத் தொடங்கினோம். ஏணி ஒன்றுதான் இருந்தது. அதில் அதிக நேரம் நின்றது பொறுப்பாளர்தான். ஐம்பது வயதுக்காரி, பல்லில் கேபிள் கட்டுகிற பட்டியைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு இரண்டு மீற்றருக்கும் ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே போனார். என் முழங்கால் ஏணிக்குச் சம்மதிக்கவில்லை. நான் கீழே நின்று கேபிளை ஊட்டினேன். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க நான்காவது கமராவின் படம் திரையில் வந்தது. அலுவலர் சொன்னபடி வந்து, நடந்து பார்த்து, ஒப்பமிட்டார்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு எங்கள் ஒளிபரப்பு காற்றில் ஏறியது. முதல் நான்கு நிமிடம் வர்ணனையாளனின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அவன் உணர்ச்சிவசப்பட்டு அலைவரிசையை உலகுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தான், எங்கள் மேசையில் அவனுடைய மைக் அணைந்து கிடந்தது. வெளியே போனது சப்பாத்துகள் தரையில் கிறீச்சிடுகிற சத்தமும் பந்து மோதுகிற சத்தமும்தான். இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "நல்லா இருக்கு, இப்படியே விடுங்கள்" என்று எழுதியிருந்தார். அக்கா அதைக் கண்டுதான் பிழையைக் கண்டுபிடித்தார்.

பிறகு ஆட்டம் பிடித்துக்கொண்டது. எங்கள் பல்கலைக்கழக அணிக்கும் பக்கத்து நகரத்து அணிக்கும் போட்டி. இடைவேளைக்கு ஒரு கோல் வித்தியாசம். பார்க்கிறவர்கள் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். நான் ஒரு படத்துக்கு இரண்டு மூச்சு விட்டேன், சில படங்களுக்கு நான்கு. என் பின்னால் நின்ற பொறுப்பாளர் என் தோளில் ஒருமுறை தட்டினார்.

இரண்டாம் பாதி பதினோராவது நிமிடம். எதிரணியின் ஒரு பெண், முதலாம் வருட மாணவி, கோலை நோக்கிப் பாய்ந்தாள். எங்கள் அணித் தடுப்பாளர் ஒருத்தி அவள் பக்கத்தில் உயர்ந்தாள். பாய்ந்தவள் ஒற்றைக் காலில் இறங்கினாள். முழங்கால் உள்பக்கமாக மடிந்ததை நான் திரையில் கண்டேன். அவள் கத்துவதற்கு முன்பே என்ன அறுந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது கமராவில் நின்ற மாணவன் பழக்கியபடியே செய்தான். அவள் முகத்தைத் திரை நிரம்ப எடுத்துத் தந்தான். திறந்த வாய், மூடிய கண், கழுத்து நரம்பு. அந்தப் படத்தைத் தெரிவு செய்ய என் விரல் ஒரு சென்றிமீற்றர் இறங்கினால் போதும்.

"இரண்டு," என்றார் பொறுப்பாளர் பின்னாலிருந்து. "இரண்டுக்குப் போ. இதுதான் தொலைக்காட்சி."

நான் முதலாவது கமராவின் பொத்தானை அழுத்தினேன். முழு மண்டபமும் தூரத்திலிருந்து தெரிகிற படம். நடுவர் கையை உயர்த்தி மருத்துவ உதவியாளரைக் கூப்பிடுவது மட்டும் சிறிதாகத் தெரிந்தது.

"என்ன செய்கிறாய்? மறுபடியும் போட்டுக் காட்டு. நான்காவதில் நன்றாக விழுந்திருக்கும்."

"இல்லை."

"இந்த அலைவரிசைக்கு நான் பொறுப்பு."

"தெரியும். அப்படியென்றால் நீங்கள் இந்தக் கதிரையில் இருங்கள். நான் எழும்புகிறேன்."

 சொல்லிவிட்டுக் கையைப் பொத்தான் பலகையிலேயே வைத்திருந்தேன். அவர் கதிரைக்கு வரவில்லை.

ஜேர்மன் மட்டும் என்ற எங்கள் ஒப்பந்தத்தை நானே முறித்தேன். "அக்கா, ஓடிப்போய்க் கேளுங்கோ, அந்தப் பிள்ளையின்ர வீட்டுக்காரர் ஆராவது பாத்துக்கொண்டிருக்கினமோ எண்டு."

ஒரு சொல்லும் திருப்பிக் கேட்காமல் எழும்பி ஓடினார். மூன்று நிமிடத்தில் மூச்சிரைக்க வந்தார். "அவங்க அம்மா பார்த்துட்டு இருக்காங்களாம்ப்பா. வடக்க, கடல் பக்கம் ஏதோ ஊரு. கோச் போன்ல போட்டுக் குடுத்துட்டார். அந்தப் பொண்ணே பேசுது. அழுதுக்கிட்டே பேசுது."

வர்ணனையாளனின் காதுக் கருவியில் சொன்னேன்: "வீராங்கனை நினைவோடு இருக்கிறார், வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று சொல். வேறொன்றும் வேண்டாம்." அவன் சொன்னான். ஆனால் வெறுமையை நிரப்ப வேண்டிய பதற்றத்தில் இன்னொன்றையும் சேர்த்துவிட்டான்: "யாரும் அவரைத் தொடவில்லை. துரதிர்ஷ்டமாகக் கால் பிசகிவிட்டது."

அந்த வசனம் என் காதில் விழுந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. ஏழு நிமிடம் காட்ட ஒன்றுமில்லாமல் இருந்தது, அதை எப்படிக் கடத்துவது என்பதிலேயே என் புத்தி முழுவதும் இருந்தது. இருக்கை வாங்கின் முன்னால் கைகோர்த்து நின்ற அவள் அணியினரின் முதுகுகளைக் காட்டினேன். புள்ளிப் பலகையைக் காட்டினேன். எங்கள் கோல் காப்பாளர் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள், அதைக் காட்டினேன். விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு போனபோது இரண்டு அணியும் கைதட்டின. அதையும் தூரத்திலிருந்துதான் காட்டினேன்.

ஆட்டத்தில் எங்கள் அணி வென்றது. அறைக்குள் யாரோ வாழைப்பழக் கேக் வெட்டினார்கள். பொறுப்பாளர் எனக்கு ஒரு துண்டு தந்துவிட்டு, "திங்கட்கிழமை பத்து மணிக்கு என் அறைக்கு வா," என்றார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு ஆர் சொன்னது?" அவர் முழு ஆட்டத்தையும் இருந்து பார்த்திருக்கிறார்.

"அவளே கதைச்சவள் அம்மா."

"ஓம், அதுதான் சரி," என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. நான் சரியாகத்தான் செய்தேன் என்ற முழு நம்பிக்கையோடு திங்கட்கிழமை போனேன்.

பொறுப்பாளரின் மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. எதிரணியின் பயிற்சியாளர் எழுதியது. எங்கள் வீராங்கனை அந்தரத்தில் இருக்கும்போது இடுப்பில் தள்ளப்பட்டார். நடுவர்கள் காணவில்லை. உங்கள் கமராக்கள் கட்டாயம் கண்டிருக்கும். ஆனால் உங்கள் அலைவரிசை ஒருமுறைகூட அதைத் திருப்பிக் காட்டவில்லை, யாரும் தொடவில்லை என்று பொய்யும் சொன்னது. இது ஐந்து பல்கலைக்கழகங்களின் அலைவரிசையா, இல்லை டோர்ட்மண்டின் அலைவரிசையா?

கடிதத்தை இரண்டாம் தரமும் வாசித்தேன். தடுத்த அந்தத் தடுப்பாளர் நான் விளையாடிய காலத்தில், வெளியூர் ஆட்டங்களுக்குப் போய்த் தங்கும்போது, என் அறைத் தோழி. அது பொறுப்பாளருக்கும் தெரியும்.

"நீ அவளைக் காப்பாற்றவா செய்தாய்?" என்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை, கேட்டார்.

"இல்லை." அப்போதுதான் அவருக்கு அந்தப் பதினாறு விநாடியையும், சித்தியின் தொலைபேசி அழைப்பையும், சமையலறையில் நின்ற அம்மாவையும் பற்றிச் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"நீ இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்," என்றார். "சொல்லியிருந்தால் நாம் பேசி ஒரு முடிவு எடுத்திருப்போம். இப்போது பார், நீ மட்டும் முடிவெடுத்தாய், ஏன் என்று வேறு யாருக்கும் தெரியாது. வெளியில் இருப்பவனுக்கு அது ஒளித்த மாதிரித்தான் தெரியும்."

நான்காவது கமராவின் பதிவைப் போட்டுப் பார்த்தோம். கேபிள் நீளம் போதாமல் அக்கா நகர்த்திய இடத்திலிருந்து அது எல்லாவற்றையும் கண்டிருந்தது. கை, இடுப்பு, தள்ளல். கால்வாசி விநாடி. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"நான் காயப்பட்டவளிடம் போகிறேன்," என்றேன்.

"பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் அலுவலகத்தைக் கேட்க வேண்டாமா?"

"நீங்கள் அவர்களைக் கேளுங்கள். நான் அவளைக் கேட்கிறேன்."

செவ்வாய்க்கிழமை ரயிலில் மடிக்கணினியோடு போனேன். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலை உயர்த்திக் கட்டியபடி இருந்தாள். பத்தொன்பது வயது, மூக்கு நிறைய மச்சப் புள்ளிகள். நான் யார் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"என் முகத்தைக் காட்டாதது நீதானா?"

"ஓம், நான்தான்."

"என் அம்மா அதற்கு நன்றி சொல்லச் சொன்னார்," என்றாள். பிறகு, "ஆனால் யாரும் தொடவில்லை என்று சொன்னீர்களே. நேற்றைக்கு என் வகுப்பில் ஒருவன் எனக்கு எழுதியிருக்கிறான், இறங்கத் தெரியாவிட்டால் பாயக் கூடாது என்று. அவள் என்னைத் தள்ளினாள். எனக்கு அது இடுப்பில் தெரிந்தது. எனக்குப் பைத்தியமா என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

நான் மடிக்கணினியைத் திறந்தேன். "சத்தம் இல்லாமல் போடட்டுமா?"

"போடு."

அவள் ஐந்து தரம் பார்த்தாள். கை இடுப்பைத் தொடுகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்தச் சொன்னாள். ஐந்தாவது முறை அழுதாள். வலியால் அழுவது போல இருக்கவில்லை.

"நான் நினைத்தது சரி," என்றாள்.

"உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து இதை மறைத்துவிட்டேன்," என்றேன். "உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குக் கேட்க முடியாவிட்டாலும் அடுத்த நாள் கேட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவேயில்லை."

அவள் மூக்கைத் துடைத்தாள். "முகம் வேண்டாம். கையைக் காட்டு. கால் மடிகிற இடத்துக்கு முன்னால் நிறுத்திவிடு."

திரும்பி வந்ததும் இன்னொரு வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருந்தது. என் பழைய அறைத் தோழி பதிவைப் பார்த்துவிட்டு முதலில் கோபப்பட்டாள். "வேண்டுமென்று செய்யவில்லை. பந்துக்குத்தான் போனேன். இதைப் போட்டால் என்னை என்ன சொல்லுவார்கள் என்று தெரியுமா?"

"தெரியும். ஆனால் இப்போது அவளைச் சொல்லுகிறார்கள்."

"நீ எந்த அணி?" என்று கேட்டாள்.

"நான் இப்போது எந்த அணியிலும் இல்லை," என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று உறைத்தது, அதோடு கொஞ்சம் வலித்தது. அவள் கதவைச் சாத்தினாள். வெள்ளிக்கிழமை காலை அவளிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது: ஆஸ்பத்திரி எந்த நகரத்தில், பார்வையாளர் நேரம் எத்தனை மணிக்கு? இரண்டையும் அனுப்பினேன். அங்கே இருவரும் என்ன கதைத்தார்கள் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த ஒளிபரப்பின் தொடக்கத்திலேயே நான்காவது கமராவின் படத்தைப் போட்டோம், மெதுவாக, கால் தரையைத் தொடுவதற்கு முன்பு நிறுத்தி. வர்ணனையாளன், "கடந்த கிழமை யாரும் தொடவில்லை என்று நான் சொன்னேன். பார்க்காமல் சொன்னேன். அது பிழை," என்றான். எழுதிக் கொடுக்காமலே, நேராக. எதிரணிப் பயிற்சியாளர் மறுபடி கடிதம் எழுதவில்லை. அடுத்த ஆட்டத்துக்குத் தங்கள் மண்டபத்தில் கமரா வைக்கக்கூடிய இடங்களைக் குறித்து ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார்.

பொறுப்பாளரும் நானும் ஒரு மத்தியானம் இருந்து ஒரு பக்கத்தில் விதிகளை எழுதினோம். இரண்டு பேருக்கும் சரிவராத வசனங்களே அதில் அதிகம். காயப்பட்டவரின் முகம் கிட்டத்தில் கிடையாது, வீட்டாருக்குத் தெரிவிக்கும்வரை பெயரும் கிடையாது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். காயம் எப்படி வந்தது என்பதைப் பார்க்காமல் வர்ணனையாளர் எதுவும் சொல்லக் கூடாது, தவறு நடந்திருந்தால் அதைக் காட்டியே தீர வேண்டும் என்பதை நான் ஏற்றுக்கொண்டேன். எதை, எவ்வளவு என்பதைக் காயப்பட்டவரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்ற வரியில் மட்டும் இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்தோம். அவர் "முடிந்தால்" என்று ஒரு சொல் சேர்த்தார். நான் அதைக் கோடு போட்டு வெட்டினேன். அவர் திரும்பச் சேர்த்தார். அந்தச் சொல் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, எனக்கு இன்றைக்கும் அதில் உடன்பாடில்லை.

அதே கிழமை நீர்ப்பந்து ஆட்டத்துக்கு ஆயத்தம் தொடங்கியது. நீச்சல் மண்டபத்துக்குள் கமராவைக் கொண்டுபோன அடுத்த நிமிடமே கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்துவிட்டது. துடைத்தோம், படர்ந்தது. அக்கா குளத்தின் ஓரத்தில் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நின்று, "ஒரு ரெண்டு மணி நேரம் முன்னாடியே உள்ள கொண்டுவந்து வச்சுட்டா சூடு ஒண்ணாயிரும்ப்பா, டிரை பண்ணுவோமா?" என்றார்.

"ஓம், செய்வம்," என்று சொல்லிவிட்டு, சாவி கேட்க, கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்மைஸ்டரைத் தேடிப் போனேன்.